ஓராண்டுச் சாதனையும் ஒரு வெள்ளோட்டமும்

1

எங்கள் கட்சியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் நீலகிரிக்கு வெளியே பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலர் அக்காவுக்குப் போன் போட்டு வம்பு இழுப்பார்கள். மாவட்டச் செயற்குழு மொத்தமும் ஒரே ஜீப்பில் ஏறிக் கூட்டத்துக்குப் போய்விடலாம், ஜீப் ஓட்டுகிறவரும் செயற்குழு உறுப்பினர்தான் என்று சொன்னால் கட்சியின் அளவு உங்களுக்குப் புரிந்துவிடும். ஆனாலும் நாங்கள் ஆளும் கூட்டணியில் இருக்கிறோம். கல்யாண வீட்டில்கூட அதை இரண்டு முறை சொல்லாமல் எங்கள் ஆட்கள் பந்தியில் உட்காருவதில்லை.

என் அக்கா லூர்து மேரி, கேரள எல்லையை ஒட்டிய ஒரு சின்னப் பேரூராட்சியில் கவுன்சிலர். அங்கே எங்கள் கட்சிக்கு இருப்பது அந்த ஒரே ஒரு இடம்தான். தலைவர் பதவி பெரிய கட்சிக்கு. துணைத் தலைவர் பதவிக்குப் பெரிய கட்சியிலேயே இருவர் முட்டிக்கொண்டதால், இருவருக்கும் வேண்டாம் என்று அதைத் தூக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள் இப்போது தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறாள்.

நான் அயர்லாந்தின் தெற்கே ஒரு சிறு நகரத்தில் டவுன் பஸ் ஓட்டுகிறேன். மனைவி ஜின்ஸி கூடலூர்க்காரி, நர்ஸ். வேலை கிடைத்தது அவளுக்குத்தான். நான் லக்கேஜோடு சேர்த்து வந்தவன். வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இங்கே பிறந்த மகள் ரீனாவுக்குப் பதின்மூன்று வயது.

அக்கா பதவியேற்று ஒரு வருடம் நிறைந்த அன்று, நான் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வாய்ச்செய்தி வந்தது.

"தம்பி, ஒரு வருஷம் ஆச்சுப்பா. சாதனை நோட்டீஸ் போடணும். பிரஸ்காரர் எழுதினா மேடையில பேசற மாதிரியே இருக்கு, ஒண்ணும் வெளங்கல. நீ எழுதிக் குடு."

பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் ஒரு முறை இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்தப் பாவம் என்னை அயர்லாந்து வரை துரத்துகிறது.

2

இந்த ஊர் அரசாங்கத்துக்கு என் பெயர் தெரியாது. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை எழுதிவிட்டேன். அன்றிலிருந்து வரி, குப்பைத்தொட்டி, வாக்காளர் பட்டியல் என்று எல்லாக் கடிதமும் திரு. சவரிமுத்து அவர்களுக்கே வருகிறது. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்ததைத் தவிர அப்பா வேறு கடல் தாண்டியதில்லை. கூடலூர் எஸ்டேட் மண்ணில் அடங்கிய அவரை, குப்பையைச் சரியாகப் பிரித்துப் போடவில்லை என்று அயர்லாந்தில் எச்சரித்திருக்கிறார்கள்.

குடியுரிமை வாங்குவதற்கு முன்பே உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட இங்கே அனுமதி உண்டு. அதனால் கவுன்சிலர்கள் எங்கள் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். இங்கேயும் கூட்டணி ஆட்சிதான். இங்கேயும் ஒரு சின்னக் கட்சி அதற்குள் உட்கார்ந்துகொண்டு நெளிகிறது. அந்தக் கட்சியின் உள்ளூர் கவுன்சிலர், பிரையன் என்று ஒருவர், மழையில் நனைந்துகொண்டே ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பக்கத்தில் என்ன செய்தோம், மறுபக்கத்தில் இன்னும் என்ன செய்யவில்லை. படம் ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு சைக்கிள் பாதையின் படம்.

நான் அதைச் சமையலறையில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். எங்கள் ஊர்ப்பக்க நோட்டீஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே வரிசையாகத் தலைவர்கள். கூட்டணி என்றால் வரிசை இரண்டு. யார் படம் எத்தனை அங்குலம், யார் யாருக்கு இடப்பக்கம் என்பதற்கே ஒரு வாரம் ஓடிவிடும். சாதனைக்குக் கடைசியில் இரண்டு விரல் அகலம்தான் மிஞ்சும். அக்காவின் நோட்டீஸையாவது படிக்கும்படி எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது.

3

அக்கா வேலை செய்யும் விதம் ஒன்று உண்டு. தலைவருக்குப் பஜாரில் ஹார்டுவேர் கடை இருக்கிறது. காலையில் கடை திறக்கும்போதே அக்கா போய், வாசலில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. வருகிற வாடிக்கையாளர்களிடம், தலைவர் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளுக்குத் தெருவிளக்கு போட்டுத் தரப் போகிறார், பெரிய மனசு என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் தலைவருக்கு வேறு வழி இருக்காது. வேலை முடிந்ததும் பேனரில் அவர் படம். பேர் உங்களுக்கு, வேலை எங்களுக்கு என்பதுதான் அக்காவின் கூட்டணி ஒப்பந்தம்.

அப்படி ஒரு வருடத்தில் என்னென்ன நடந்தது என்று கேட்டேன். பத்து நிமிட வாய்ச்செய்தி வந்தது. யானை வருகிற வளைவில் விளக்குக் கம்பம் நட்டது. யானை அதைச் சாய்க்கச் சாய்க்க மூன்று முறை நட்டது. ரேஷன் கடையை வாரம் இரண்டு நாள் லயத்துப் பக்கமே வர வைத்தது. சாரல் உள்ளே அடிக்காதபடி பஸ் நிழற்குடைக்குப் பக்கத் தகடு அடித்தது. கடைசியாக, பேருந்து நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை.

இந்தக் கடைசி விஷயம்தான் அக்காவின் உயிர். இப்போது எங்கள் பக்கத்தில் நிறையப் பெண்கள் ஒரு எஸ்டேட்டில் குடியிருந்து வேறு எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். எல்லோரும் எங்கள் ஊரில்தான் பஸ் மாற வேண்டும். சில நாள் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். பழைய கழிப்பறை எப்போதோ ஒரு மழையில் சரிந்துவிட்டது. அது நின்ற காலத்திலும் உள்ளே போகிற மாதிரி இருந்ததில்லை. அதனால் பெண்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிக்க மாட்டார்கள். விடியற்காலையில் ஒரு வாய், திரும்பி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு செம்பு. நடுவில் வெயிலோ மழையோ, ஒன்றும் இல்லை. அக்கா இரண்டு தடவை சிறுநீரகக் கல் வந்து படுத்திருக்கிறாள். தேர்தலில் அவள் ஓட்டுக் கேட்டது இந்த ஒன்றைச் சொல்லித்தான், கொடுத்த வாக்கும் இந்த ஒன்றுதான். தலைவரின் கடை வாசலில் இதற்காக மட்டும் ஒன்பது நாள் உட்கார்ந்தாளாம்.

"தையிலேயே கட்டி முடிச்சாச்சு தம்பி. டைல்ஸ் எல்லாம் போட்டு, தண்ணித் தொட்டி வெச்சு, ஜம்முனு நிக்குது" என்று வாய்ச்செய்தி முடிந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம் நோட்டீஸ் வேலையை ஆரம்பித்தோம். ரீனாவை உதவிக்குக் கூப்பிட்டேன். ஊர் விஷயம் என்றால் அவள் கண்ணில் ஒரு திரை விழும். அத்தை என்றால் கிறிஸ்துமஸுக்கு வீடியோவில் வந்து, சாப்பிட்டியா என்று நான்கு முறை கேட்கிறவர், அவ்வளவுதான். எஸ்டேட் என்று சொன்னால் வீடு விற்கிற கம்பெனி என்று நினைக்கிற பிள்ளை. ஆனால் கம்ப்யூட்டரில் அழகாக எதையாவது அடுக்கித் தா என்றால் மறுக்க மாட்டாள்.

நான் தமிழில் அடிக்க, அவள் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தாள். கழிப்பறை வந்தபோது, கட்டி முடிக்கப்பட்டது என்று எழுதியிருந்தேன். அது என்ன என்று கேட்டாள். சொன்னேன். அப்படியென்றால் இப்போது எல்லோரும் உபயோகிக்கிறார்களா என்று கேட்டாள். கட்டி நான்கு மாதம் ஆகிறதே, உபயோகிக்காமல் என்ன செய்வார்கள் என்றேன். அப்படியானால் அதையும் எழுத வேண்டாமா என்றாள். நியாயமாகப் பட்டது. "கட்டி முடிக்கப்பட்டு, தினமும் பயன்பாட்டில் உள்ளது" என்று மாற்றினேன். அவள் பெரிய டிக்காகப் போட்டாள்.

பதினான்கு வருடத்தில் நான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஊரில் இருந்தவரை எனக்குத் தெரியாததா? நம்மிடம் கட்டி முடிப்பது வேறு, திறப்பது வேறு. நடுவில் ஒரு பெரிய மனிதரின் தேதி இருக்கிறது. பெரிய கட்சியின் மாவட்டப் பிரமுகர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டும் என்று கல்வெட்டு வரை தயாராகிவிட்டதாம், தேதி மட்டும் காலியாக. அவரோ பாலம் திறப்பார், பள்ளிக்கூடம் திறப்பார். கழிப்பறை என்றால் அந்த வாரம் அவருக்குக் கட்டாயம் சென்னையில் கூட்டம் இருக்கும். நான்கு மாதமாகப் புது டைல்ஸும் புதுத் தண்ணீர்த் தொட்டியும் பூட்டுக்குள்ளே இருந்தன.

இதை ஏன் யாரும் அச்சுக்கு முன் கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். கூட்டணி நோட்டீஸில் பிழை திருத்துவது என்றால் படங்களைத் திருத்துவது. பிரஸ்காரர் படத்தின் அளவுகளை ஸ்கேல் வைத்துப் பார்த்தார். எங்கள் மாவட்டச் செயலாளர் தன் மூக்கு கறுப்பாக விழுந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். அக்கா போனில் பார்த்து, தலைவர் படம் நடுவில் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்தாள். கீழே இருந்த வரிகளை ஒருவரும் படிக்கவில்லை. படித்தது பெண்கள்தான்.

5

நோட்டீஸை ஞாயிறு பூசை முடிந்து சர்ச் வாசலில் கொடுத்தார்கள். திங்கள் காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களங்களிலும் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை நான் டிப்போவில் பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வாய்ச்செய்தி இல்லை, நேரடி அழைப்பு. அக்கா காசைப் பார்க்காமல் கூப்பிடுகிறாள் என்றால் சாவு அல்லது கல்யாணம் என்று நினைத்து எடுத்தேன்.

"என்னத்தப்பா எழுதித் தொலைச்சே? இங்க முப்பது பொம்பளைங்க நோட்டீஸக் கையில வெச்சுக்கிட்டு பூட்டுக்கு முன்னால நிக்கறாங்க."

நடந்ததை அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். பாக்கியம் என்று ஒரு அம்மா, அக்காவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர், பஸ் மாறும்போது நோட்டீஸை நம்பிப் போயிருக்கிறார். பூட்டு. அவர் அதோடு போய்விடாமல் பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்து, செயல் அலுவலரின் மேசையில் நோட்டீஸை வைத்து, தினமும் பயன்பாட்டில் உள்ளது என்று போட்டிருக்கிறதே, யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் பின்னால் ஒவ்வொருவராகச் சேர்ந்து, செயல் அலுவலரையும் பூட்டுக்கு முன்னால் கூட்டி வந்துவிட்டார்கள். அன்று யாரும் அடுத்த பஸ் ஏறவில்லை.

தலைவர் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். முகம் சிவந்திருந்ததாம்.

"ஏனுங்க லூர்தம்மா, நானில்லாம யாருங்க அதைத் திறந்தது? கூட்டணின்னா ஒரு தர்மம் வேண்டாங்களா?"

எங்கள் மாவட்டச் செயலாளரும் போனில் வந்துவிட்டார். அச்சுப் பிழை என்று உடனே ஒரு மறுப்பு நோட்டீஸ் போட்டுவிடு, இல்லையென்றால் இருக்கிற ஒரே துணைத் தலைவர் பதவியும் போகும் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு பதவியை வைத்துத்தான் மாவட்டத்தில் எங்கள் ஜீப்புக்கு நான்கு பேர் வழி விடுகிறார்கள்.

நானும் அக்காவிடம் அதையே சொன்னேன். என் தப்பு, என் பெயரைப் போட்டே மறுப்பு எழுதித் தருகிறேன், அயர்லாந்திலிருந்து ஒரு மடையன் எழுதினான் என்று போட்டுவிடு என்றேன். நீ பஸ்ஸை ஓட்டு என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டாள்.

அன்று நான் பஸ் ஓட்டியது எனக்கே தெரியாது. இரண்டு நிறுத்தங்களில் மணி அடித்தும் நிற்காமல் போய்விட்டேன். ஒரு கிழவர் இறங்கும்போது, கவலைப்படாதே சவரிமுத்து, நடந்தால் உடம்புக்கு நல்லதுதான் என்றார்.

6

மீதியை அன்று சாயங்காலம் அக்கா சொல்லித்தான் கேட்டேன். ரீனாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். டிக் போட்டவள் அல்லவா?

பேருந்து நிலையத்தில் எல்லோர் முன்னாலும் தலைவர் அக்காவிடம் மறுப்பு கேட்டிருக்கிறார். மேலே தகவல் போய்விட்டால் உங்கள் பதவி நிற்காது என்றும் சொல்லியிருக்கிறார். அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை என்று அக்காவே சொன்னாள். தனக்கு மேலே இருக்கிற பிரமுகரை நினைத்து அவர்தான் பயந்துபோயிருந்தாராம்.

"பதவி போனா கொழுந்து பறிக்கப் போறேங்க. கூடை இன்னும் வீட்லதான் இருக்கு. இவங்ககிட்ட நோட்டீஸ் பொய்னு மட்டும் என்னால சொல்ல முடியாதுங்க."

செயல் அலுவலர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அப்போதுதான் தன் பழைய ஒப்பந்தம் ஞாபகம் வந்திருக்கிறது. கோபத்தில் இருந்த குரலை இறக்கி, ஹார்டுவேர் கடை வாசலில் பேசுகிற குரலுக்கு வந்தாள்.

"விழாவை அவரே வந்து நடத்தட்டுங்க. ரிப்பன், கல்வெட்டு எல்லாம் அவருக்குத்தான். ஆனா அவர் வந்து நிக்கறப்ப தண்ணி வரல, கதவு சாத்தலன்னா உங்களுக்குத்தானே கெட்ட பேரு? முன்னாடியே ஓட்டிப் பாத்துக்க வேண்டாங்களா? வெள்ளோட்டம்னு எழுதிக்குங்க."

செயல் அலுவலர் வானத்திலிருந்து இறங்கிவிட்டார். வெள்ளோட்டத்துக்கு விதியில் இடம் இருக்கிறது என்று அவசரமாகச் சொன்னாராம். உண்மையில் இருக்கிறதா என்று இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே கோப்பைத் திறந்து, திறப்பு விழா நடைபெறும் வரை பேரூராட்சித் தலைவர் அவர்களின் ஆணைப்படி சோதனை முறையில் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்படுகிறது என்று எழுதினார். ஆணைப்படி என்ற சொல்லைத் தலைவர் இரண்டு முறை படித்தார். முகத்தின் சிவப்பு மெல்ல வடிந்து, பிறகு மலர்ந்தது. கையெழுத்துப் போட்டார்.

சாவி வந்தது. ஆனால் நான்கு மாதச் சாரலில் பூட்டு துருப்பிடித்துத் திரும்ப மறுத்தது. கடைசியில் தலைவரே கடைக்கு ஆளனுப்பி, தன் கடை இரும்பு ரம்பத்தை வரவழைத்து, தன் கையாலேயே அறுத்தார். கூட்டம் கை தட்டியது. அவர் திரும்பி நின்று இரண்டு வார்த்தை பேச வாயெடுத்தபோது பாக்கியம்மா அவரைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தலைவர் வெளியே நின்று, தண்ணீர் வருகிறதா அம்மா என்று பொறுப்பாகக் கேட்டாராம். வருகிறது, நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

ரீனா சோபாவிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். பிறகு போனை என் கையிலிருந்து பிடுங்கி, அவளாகவே முதல் முறையாக அத்தையிடம் பேசினாள். "அத்தை, நாளைக்கும் திறப்பாங்களா? டெய்லியா?" என்று கேட்டாள். உச்சரிப்பு டப்ளின் வானொலி மாதிரி இருந்தது. அக்காவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தினமும் திறப்பார்கள், நீ வந்து பார் என்றாள்.

அதன் பிறகு ஒரு மாதம் தினமும் காலையில் தோசைக்கு முன்னால் ரீனாவின் கேள்வி, இன்றைக்குத் திறந்திருக்கிறதா என்பதுதான். பிரமுகருக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை. கழிப்பறை இன்னும் வெள்ளோட்டத்தில்தான் இருக்கிறது. அக்காவின் பதவியும் அப்படியே இருக்கிறது. தலைவர் இப்போது அந்த ரம்பத்தைக் கடையில் விற்காமல் தனியாக மாட்டி வைத்திருப்பதாகக் கேள்வி.

இதையெல்லாம் பிரையனிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். எங்கள் நாட்டு வழக்கம் அவருக்கு விநோதமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் சங்கடத்தோடு காதைச் சொறிந்தார். இதே ஊரில் குழந்தைகள் பூங்கா ஒன்று மந்திரியின் தேதிக்காக ஆறு வாரம் வேலிக்குள் கிடந்ததாம். அவருக்கு நல்ல ரம்பம் ஒன்று அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

7

போன வாரம் காலை ஆறு மணி. டிப்போவில் முதல் டிரிப்புக்கு இன்ஜினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவிடமிருந்து வாய்ச்செய்தி. கட்சி விஷயம் ஒன்றும் இல்லை. பின்னால் பஸ் ஹாரனும் கண்டக்டர்களின் கூச்சலும் கேட்டன.

"தம்பி, ஒண்ணுமில்ல, சும்மாதான். ஊட்டி பஸ்ஸுக்காக நிக்கறேன். கடையில ஒரு டீ வாங்கிக் குடிச்சேன். நல்லா இருந்துச்சு. இன்னொண்ணும் வாங்கிக் குடிச்சேன்."

அவ்வளவுதான் செய்தி. சிரிக்கிற சத்தத்தோடு முடிந்துவிட்டது.

ஒவ்வொரு விடுமுறை முடியும்போதும் என்னை வழியனுப்ப அக்கா அந்தப் பேருந்து நிலையத்துக்கு வருவாள். நான் டீ வாங்கி நீட்டுவேன். வேண்டாம் என்பாள். சண்டை போட்டாலும் வேண்டாம். பெரிய கருமி என்று ஜின்ஸியிடம் கேலி செய்திருக்கிறேன். தம்பி போகிற வருத்தத்தில் தொண்டையில் இறங்கவில்லை என்று ஒரு வருடம் நானாகவே நினைத்து உருகியும் இருக்கிறேன். அவள் ஒரு நாளும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் அவள் ஏன் வாய் நனைப்பதில்லை என்பது கூடப் பிறந்தவனுக்குத் தெரியாமல் போனதை நினைத்து வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. செய்தியை மறுபடி போட்டுக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன்.

ரேடியோவில் கண்ட்ரோல் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். முதல் டிரிப் நான்கு நிமிடம் தாமதம், என்ன காரணம் என்றார்கள். என் அக்கா இரண்டு டீ குடித்தாள் என்று சொன்னால் அவர்களுக்கு என்ன புரியும்? டிராஃபிக் என்று சொன்னேன். காலை ஆறு மணிக்கு இந்த ஊரில் டிராஃபிக் கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.